எங்கள் வீட்டின் பனிக்கால அறை

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பெயரைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆராய்ச்சியைப் பற்றி எழுதுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது அதன் பக்கத்தில் நின்று பயந்ததைப் பற்றி மட்டும்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் எலி வீட்டில் எனக்கு வேலை. கூண்டு கழுவ வேண்டும், மரத்தூள் மாற்ற வேண்டும், தீனியும் தண்ணீரும் வைக்க வேண்டும். ஆளோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

இந்த ஊரில் வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பகலை நீட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் விளக்கை வைத்துத்தான் செய்ய முடியும். போன வருடம் இரண்டு அறைகளை அப்படி மாற்றினார்கள். ஒன்றில் விளக்கு நெடுநேரம் எரியும். மற்றதில் சீக்கிரம் அணைந்துவிடும். வெயில்கால ரூம், பனிக்கால ரூம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். சினை எலிகளை இரண்டு அறையிலும் விட்டார்கள். குட்டிகள் அங்கேயே பிறந்து அங்கேயே பால் குடித்தன. பால் மறந்த பிறகு எல்லாவற்றையும் ஒரு பொது அறைக்கு மாற்றி, ஒரே மாதிரி கொழுப்புத் தீனி போட்டோம். பனிக்கால ரூமில் விளக்கு அணைந்த நேரத்தில் உள்ளே போக வேண்டுமென்றால் சிவப்பு டார்ச்தான். சிவப்பு வெளிச்சம் எலிக்குச் சரியாகத் தெரியாதாம். வாசலில் கறுப்புத் துணி தொங்கும்.

அந்த ஆராய்ச்சியை நடத்தியது ஒரு மலையாளிப் பெண். படிப்பு முடிக்கிற வயதுதான். எலியைத் தராசில் வைக்கும்போது அதனோடு பேசிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் கேட்காமலே எனக்குச் சொன்னாள்.

"சேட்டா, இப்ப எல்லாத்துக்கும் ஒரே வெளிச்சம், ஒரே தீனி அல்லே? ஆனா பிறந்த சமயத்துல பார்த்த பகல் எவ்வளவு நீளம்னு உடம்பு ஓர்த்து ஞாபகத்துல வைக்குமோன்னுதான் நாங்க நோக்குறது. பின்னால கொழுப்பு சேருறது, சுகர் ஏறுறது எல்லாம் அதை வச்சு மாறுமோன்னு."

"எந்த ரூம் குட்டிக்குக் கேடு?" என்றேன்.

"அது இப்ப பறய முடியாது. எல்லாம் கழிஞ்சு முடிஞ்சாத்தான் தெரியும்."

அவள் சொல்லவில்லை. ஆனால் கூண்டைத் தூக்குகிறவன் நான். பனிக்கால ரூமிலிருந்து வந்த எலிகளின் கூண்டு கனமாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. அது என் கையின் நினைப்பாகவும் இருக்கலாம். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் எங்களுக்குப் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, நாங்கள் கேட்பதையே விட்டுவிட்ட பிறகு பிறந்த பெண் குழந்தை. சுமந்தபோதே என் மனைவிக்குச் சர்க்கரை இருந்தது. என் அப்பா சர்க்கரையில் காலை இழந்து, அப்புறம் இறந்தும் போனார். அதனால் சர்க்கரை என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

கரமனையில் எங்களுக்கு வாடகை வீடு. மனைவி படுத்த அறைக்கு ஆற்றுப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். பேறுகாலம் பார்க்க மனைவியின் அக்கா, என் மதினி, வள்ளியூரிலிருந்து வந்தார். வந்த அன்றே அந்த ஜன்னலைச் சாத்தி, சந்தில் பழந்துணியைத் திணித்தார். ஆற்றுக் காற்று பச்சை உடம்புக்கு ஆகாது என்றார். பொழுது சாய்ந்ததும் டியூப் லைட்டைப் போட்டார். பேறுகால அறை ராத்திரி இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். விடியும்வரை அது எரியும். விடிந்ததும் அணைப்பார். பகலெல்லாம் அறை இருட்டு.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வேலை முடிந்து வெயில் இருக்கும்போதே வந்து அந்த அறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே இருட்டு, பால் வாசனை, துணி வாசனை. என் கை தானாகச் சட்டைப் பையில் டார்ச்சைத் தேடியது. அங்கேயே நின்றுவிட்டேன். பனிக்கால ரூமுக்காவது ஒரு நேரக் கணக்கு உண்டு. என் பிள்ளைக்குப் பகல் இருட்டு, இரவு வெளிச்சம். எந்த எலிக்கும் நாங்கள் இப்படிச் செய்ததில்லை.

அதிலிருந்து பயம் என்னை விடவில்லை. பிள்ளை பால் குடிப்பதைப் பார்த்தால் பிற்காலத்தில் இவள் உடம்பு என்ன ஆகுமோ என்று தோன்றும். எலி வீட்டில் ஒவ்வொரு கூண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். நேற்றைவிட இன்று கனமோ என்று நின்றேன். அந்தப் பெண் கவனித்துவிட்டாள்.

"என்ன சேட்டா, எலியைத் தாலாட்டுறீங்களா?"

வீட்டு விஷயத்தைப் பாதி சொன்னேன், பாதி விழுங்கினேன். அவள் சிரிக்கவில்லை.

"எலி வேற, மனுஷன் வேற சேட்டா. இதை வச்சு உங்க குஞ்ஞுக்கு ஒண்ணும் சொல்ல முடியாது."

"கேடு வராதுன்னு சொல்ல முடியுமா?"

"அதுவும் எனக்கு அறியில்ல. டாக்டர்ட்ட கேளுங்க."

கேடு வராது என்று அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குப் போதும். டாக்டரிடம் எலி, பனிக்காலம் என்றெல்லாம் நான் எப்படிப் பேசுவது? மதினியிடமோ இன்னும் கஷ்டம். அவரிடம் நான் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி குளிக்கப் போனார். மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள். பிள்ளையைத் துணியோடு தூக்கிக்கொண்டு பின்வாசல் படிக்குப் போனேன். நல்ல வெயில். பிள்ளை முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. பழகாத வெளிச்சம். இதனால் கண் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று ஒரு புதுப் பயம். உள்ளே போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஈரத்தலையோடு மதினி வந்து நின்றார்.

"தம்பி, யாரக் கேட்டு பிள்ளைய வெளிய கொண்டு வந்தீய?"

எலி, விளக்கு, அறை, கொழுப்பு என்று முன்பின் இல்லாமல் உளறினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"எந்தங்கச்சி பெத்தது பிள்ளையா, எலியா?"

"இல்ல மதினி..."

"எங்க வீட்ல அத்தன பேரும் அடைச்ச ரூமுலதான் கெடந்தோம். யாரு கெட்டுப் போனா? என்னப் பாருங்க."

நான் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கும் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன் ஊசி போடுகிறவர். என் கண் மட்டும் ஒரு தடவை அவர் ஊசி போடுகிற கைக்குப் போனது. என் பார்வை போன இடத்தை அவர் கண்டுகொண்டார் போல. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "ஊசி போடுதது வேற விஷயம்" என்றார். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

அப்போது உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள். அவள் தூங்கவே இல்லை.

"யக்கா, அந்த ஜன்னலத் தெறந்து விடேன். எனக்கு இது காலையா ராத்திரியான்னே தெரியல. படுத்தா மேக்கூரை எறங்கி வாற மாதிரி இருக்கு. அழுகையா வருது. உங்கிட்டச் சொன்னா நீ ஏசுவியோன்னுதான் சொல்லல."

நாங்கள் இருவரும் உள்ளே போய் அவளைப் பார்த்தோம். இத்தனை நாளும் பிள்ளையை நினைத்தே பயந்துகொண்டிருந்தேன். அதே இருட்டில் படுத்திருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதினி பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு ஜன்னல் பக்கம் போனார். பிறகு சந்திலிருந்த துணியை உருவினார். ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்தார்.

"காத்துப் பட்டு ஏதாவது வந்தா ரெண்டு பேரையும் நான் சும்மா விட மாட்டேன்" என்றார்.

அன்று இரவு டியூப் லைட் எரியவில்லை. நடைக்கூடத்து விளக்கைப் போட்டு, கதவை ஒருக்களித்து வைத்தார். வழக்கத்துக்கு அது போதும் என்று அவரே சொல்லிக்கொண்டார். பிள்ளை எந்த நேரத்தில் தூங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் இருட்டில் அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. மதினி ஜன்னலைச் சாத்தினார். மத்தியானம் என் மனைவி எழுந்துபோய் அதைத் திறந்தாள்.