வாதாடத் துணிந்த வக்கீல்

போன வாரம் முருகேஸ்வரி அம்மா என் சேம்பருக்கு வந்தார். உட்காரும் முன்பே விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"சார், எத்தன வருசமா வக்கீலா இருக்கிய?"

"முப்பது."

"எத்தன கேஸு ஜெயிச்சிருக்கிய?"

எழுந்துபோய் ஃபேனைக் கூட்டினேன். அது நல்ல சத்தம் போடும்.

விஷயம் இதுதான். கணவர் மத்திய அரசு ஊழியர். விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி மூன்று மாதம் ஆகிறது. இங்கே கிடர்பூரில் குடும்பம் இருக்கும் அரசு குவார்ட்டர்ஸைச் சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். திங்கட்கிழமை மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. மூன்று வாரம் கிடைத்தால் பெண் பரீட்சையை முடித்துவிடுவாள். அவ்வளவுதான் வேண்டும்.

என் தொழில் வரலாறு தெரிந்தவர்கள் இங்கே சிரிக்கலாம்.

சட்டம் முடித்ததும் ஒரு பெரிய சீனியரிடம் சேர்ந்தேன். மூன்று வருடம் அவர் பையைத் தூக்கினேன். பிறகு பதவி உயர்வு — அவர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று சொல்லி வாய்தா வாங்கும் பொறுப்பு. சீனியருக்குக் காய்ச்சல், எனக்குக் காய்ச்சல், ஃபைலுக்கே காய்ச்சல்... எல்லாவற்றுக்கும் தேதி வாங்கினேன். தனியாக போர்டு மாட்டிய பிறகும், "தாதா, ஏக்டா டேட் நியே தின்" (அண்ணா, ஒரு தேதி வாங்கிக் கொடுங்கள்) என்று மற்ற வங்காளி வக்கீல்கள் தங்கள் கேஸுக்குத் தேதி வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

ஆனால் அந்த அம்மாவின் கேள்வி உறுத்தியது. இந்த முறை வாதாடியே தீருவது! இரண்டு நாள் உட்கார்ந்து பதினான்கு பாயிண்ட் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை. நீதிபதி ஃபைலைப் புரட்டினார். "பெண்ணுக்குப் பரீட்சை... எவ்வளவு டைம் வேண்டும்?" எதிர்த்தரப்பு வக்கீலும் தாராளமாகத் தலையாட்டினார்.

"டைம் வேண்டாம், மை லார்ட். வாதாடுகிறேன்."

என்னை நெடுநாளாக அறிந்த எதிர்த்தரப்பு வக்கீல், எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்.

முதல் பாயிண்டில் ஒரு விதியைக் காட்டினேன். நீதிபதி அதைப் படித்தார். அதற்கு அடுத்த வரியையும் படித்தார். அது நான் படிக்காத வரி. மாற்றலானவர் குடும்பத்துக்கு இரண்டு மாதம்தான் வீடு என்றது அது.

"அப்படியானால் இவர்கள் ஏற்கெனவே ஒரு மாதம் கூடுதலாக இருந்துவிட்டார்களே?"

நல்ல கேள்வி. இரண்டாவது பாயிண்டுக்குத் தாவினேன். நீதிபதி பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா என்ன எழுதப்போகிறது என்று எனக்கே தெரிந்தது.

பின்னாலிருந்து யாரோ என் கவுனை இழுத்தார்கள்.

"சார்! அவரு டைம் தாரேன்னுதான சொன்னாரு? வாங்கிட்டு உக்காருங்க!"

முருகேஸ்வரி அம்மாவின் கிசுகிசுப்புதான். ஆனால் திருநெல்வேலிக் கிசுகிசுப்பு. கோர்ட் முழுக்கக் கேட்டது.

"மூன்று வாரம் போதும், மை லார்ட்" என்றேன். முப்பது வருட அனுபவம் — குரல் பிசிறவே இல்லை.

"இதைத்தானே முதலில் கேட்டேன்?" என்றபடி நீதிபதி மூன்று வாரம் எழுதினார்.

கைவந்த வேலையை விட்டுவிட்டு வராத வேலையில் பேர் வாங்க ஏன் இப்படித் துடிக்கிறோம்?

வராந்தாவில் முருகேஸ்வரி அம்மா கணவருக்குப் போன் போட்டார். "ஏங்க, கேஸு ஜெயிச்சிட்டு! வக்கீலு கெடுக்கத்தான் பாத்தாரு... நாந்தான் ஜெயிச்சேன்."

ஆட்சேபிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை.