குமரேசன் கடைப் புரோட்டீன் டப்பா

குமரேசா, உன் வியாபாரத்தை நான் கெடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாயாமே. கெடுத்தேன்தான். நாளைக்கும் வருவேன்.

மற்றவர்களுக்கு விஷயம் இதுதான். இன்று காலை கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் இவன் கடை முன்னால் பக்கத்து வீட்டு மேரி நின்றிருந்தாள். அவள் புருஷனுக்குப் புற்றுநோய். பெங்களூர் ஆஸ்பத்திரி ஊசியை நிறுத்திவிட்டு இவனிடம் டப்பா வாங்கப் போகிறாளாம்.

"இன்னாடா டப்பா இது?" என்று இவனைக் கேட்டேன்.

"கேன்சர் ஆராய்ச்சி புரோட்டீன், பெருசு. லேபுல செய்றது. பால்ல கலந்து குடிச்சா போதும்."

அப்படியொரு லேபில்தான் என் மருமகள் வேலை செய்கிறாள். எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதை இவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

"தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட்லேர்ந்து வேல முடிஞ்சி மேல வந்தா வாட்ச்மேன் முன்னாடி பாக்கெட்ட உதறிக் காட்டுவோம்ல? ஒடம்புல ஒவ்வொரு செல்லும் அப்டித்தான் உள்ள இருக்கறதுல ஒரு துணுக்க வெளிய காட்டுமாம். அந்தக் காட்டுற கையத்தான் லேபுல செய்றாங்க, ரத்தத்துல காவல் சுத்தற செல்லுங்கள்ல எந்த வாட்ச்மேன் கேன்சர் திருடன கண்டுபுடிக்கிறான்னு சோதிச்சுப் பாக்க. அத குடிச்சா கோழிக்கறி மாதிரி செரிச்சிப்பூடும்டா."

"நீ மூணாங்கிளாஸ். ஒனக்கு இன்னா தெரியும்?"

"நீ எத்தினி கிளாஸ்னு டப்பாவுல போட்டுக்கிறியா?"

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். பொட்டுக்கடலை மாவும் ஏலக்காயும்.

மேரி டப்பாவைக் கீழே வைத்தாள். நான் உற்சாகமாக மருமகள் சொன்ன அடுத்த விளக்கத்தை ஆரம்பித்தேன்.

"மாமா, ட்ரெய்னுக்கு நேரமாச்சு. அவர ஊசிக்கி கூட்டினு போவணும்" என்று நடையைக் கட்டிவிட்டாள்.

மீதியைக் கேட்க ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். கேட்க டப்பா வியாபாரிகளும் வரலாம்.