மார்பு உயரத்தில் ஒரு சுற்று

அளந்த கையோடு மரத்தை வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அளந்துவிட்டு, வந்த வழியே சும்மா திரும்பிப் போகிறவர்கள் நாங்கள். காற்றில் கலக்கும் கரிப்புகையை மரம் இழுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. எரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நாட்டின் காடுகள் எவ்வளவு வாங்கின, எவ்வளவு விட்டன என்று தெரிய வேண்டுமானால், சில வருடங்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்குப் போய், அதே மரங்களை மார்பு உயரத்தில் டேப் வைத்துச் சுற்ற வேண்டும். கோவையிலிருந்து கிளம்பும் எங்கள் குழுவில் இரண்டே பேர். நிர்மலா மரத்தின் பெயரைச் சொல்லி எழுதுவார்; நான் டேப் பிடிப்பேன். என்ன வேலை செய்கிறோம் என்பதைச் சொந்தக்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்லத் தெரியாமல் விழிக்கும் அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குப் புரியும்.

பிளாட் விழுந்த தோட்டம்

காட்டுக்கு வெளியே நிற்கும் மரங்களையும் நாங்கள் விடுவதில்லை. எங்கே அளப்பது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும். ஒருமுறை பல்லடம் பக்கம் ஒரு தோட்டம் வந்தது. உரிமையாளருக்கு போன் செய்து, "உங்க தோட்டத்துல எங்களுக்கு ஒரு பிளாட் விழுந்திருக்குதுங்க" என்றேன். இந்தத் தொழிலில் அளக்கும் வட்டத்துக்குப் பெயர் பிளாட். அவருக்கு அது தெரியாதே! மறுநாள் போனால் அண்ணன் தம்பி, பங்காளி, மச்சான் என்று பத்துப் பேர் மொபெட்டும் பைக்குமாக வாசலை மறித்து நிற்கிறார்கள். தோட்டத்தை யாரோ சைட் போட்டு விற்றுவிட்டார்கள் என்று முந்தின நாளிலிருந்து அந்த வீட்டில் அடுப்பே எரியவில்லையாம்.

விஷயம் புரிந்ததும் மோர் வந்தது, இளநீர் வந்தது. பத்துப் பேரும் கூடவே வந்து டேப்பைப் பிடித்தார்கள். வட்டத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு பெரிய வேப்பமரம். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றதும் தோட்டக்காரருக்கு முகம் வாடிப்போனது. "ஏனுங்க, இந்த வேம்பு மட்டும் காத்தக் குடிக்கறதில்லைங்களா?"

சாக்கில் சருகு

மரம் மட்டுமல்ல, கீழே கிடக்கும் சருகிலும் அந்தக் கரி, அதாவது கார்பன், இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் சருகைக் கூட்டி, சாக்கில் கட்டி, ஆய்வகத்தில் காயவைத்து எடை பார்க்க வேண்டும். அந்தியூரில் பஸ் ஏறி, சாக்கை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா அதை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். மூலிகையா என்றார். இல்லை, காட்டுச் சருகு, கோயமுத்தூருக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். பவானி தாண்டும் வரை என்னையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசியில் கேட்டேவிட்டார்: "ஏனுங்க கண்ணு, கோயமுத்தூர்ல குப்பையே கெடைக்கறதில்லைங்களா?"

பெண் பார்த்த படலம்

பெருந்துறையில் ஒரு வரன். பெண்ணின் அப்பா மர அறுவை மில் வைத்திருப்பவர். "மாப்பிள்ளை மரம் அளக்கறாருங்க" என்று தரகர் சொன்னதில் மனிதருக்கு ஒரே பூரிப்பு. கன அடியெல்லாம் தெரிந்த பையன், மில்லைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருக்கிறார். கேசரியை வாயில் வைத்ததுமே, வெட்டாத மரத்தைத்தான் அளப்பேன் என்ற உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "வெட்டறதில்லீன்னா எதுக்குங்க அளக்கறது?" என்றார். நான் நாடு, காடு, புகை என்று அரைமணி நேரம் பேசினேன். பேசப் பேச அவர் முகம் இருண்டது. "அப்ப நானு இத்தனை வருசமா பாவம் பண்ணிப்போட்டேங்களா?"

அவசரமாக, கதவாகவும் நிலைப்படியாகவும் நிற்கும் மரத்தில் கரி அப்படியே தங்கியிருக்கும், எரித்தால்தான் புகை என்றேன். நான் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை, அது நிஜம். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவோரம் நின்ற பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்று என் மனைவியாக இருக்கும் சுமதி அன்று என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "கேசரி ஆறுதுங்க, நாட்டை அப்பறம் காப்பாத்திக்கலாம்."

எரிந்த வட்டம்

அந்தியூருக்கு மேலே மலைக்காட்டில் ஒரு பிளாட். முதல் தடவை எங்களுடன் வந்த வனக்காவலர் மாதன், ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகட்டை அவர் கையாலேயே அடித்தார். அடுத்த தடவை போனபோது, அந்தக் கோடையின் தீ எங்களுக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருந்தது. கருகிய அடிமரங்களில் தகடுகள் மட்டும் தொங்கின. நான் எண்ணைப் படிக்கப் படிக்க, நிர்மலா "இறந்தது, இறந்தது" என்று எழுதிக்கொண்டே வந்தார். பாதியில் மாதன் டேப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "சார், அந்தப் பக்கம் பச்சையா இருக்குதுங்க. அங்க அளந்து எழுதிக்கலாமுங்க."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நிர்மலா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "போனதை எழுதலைன்னா, திரும்பி வர்றதையும் எழுத முடியாதுங்க அண்ணா" என்றார். மாதன் எழுந்து டேப்பை எடுத்தார்.

சில வருடங்கள் கழித்து, போன மாதம்தான் மூன்றாம் தடவை போனோம். மேடேறியதும் மாதன் எங்களை விட்டுவிட்டு ஓடினார். கரிக்கட்டைகளின் தூரிலிருந்து எங்கு பார்த்தாலும் துளிர்! ஆனால் சுற்றளவு பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மரம் என்று எழுதக்கூடாது என்பது விதி. ஒவ்வொன்றாகச் சுற்றினேன்: ஏழு, எட்டரை, எட்டு. மாதன் மூச்சுவிடாமல் பின்னால் நின்றார். கடைசியில் பழைய வேங்கை ஒன்றின் தூரிலிருந்து நெடுநெடுவென எழுந்திருந்த கிளையில் டேப்பைச் சுற்றினேன். பத்து புள்ளி மூன்று. நம்பாமல் மறுபடி சுற்றினேன். அதே பத்து புள்ளி மூன்று. நிர்மலா கை தட்டியதில் பேனா கீழே விழுந்தது. மாதன் அதை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். "எழுதுங்க அம்மணி, காட்டுக்கே கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லிக்கிட்டே எழுதுங்க!"

மரம் வளர்வதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கும் ஒரு சம்பளம் உண்டு என்பதைத் தயவுசெய்து வெளியில் சொல்லிவிடாதீர்கள், போட்டி அதிகமாகிவிடும்.