நான்கு கதவு வைத்த போர்க்கப்பல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு போர்க்கப்பல் விரிந்து கிடந்தது. அந்தத் தாளின் நான்கு மூலைகளையும் பிடித்திருந்தவை எவர்சில்வர் டம்ளர்கள்.

என் தம்பி கப்பல் வடிவமைப்புப் பொறியியலில் இறுதியாண்டு மாணவன். விமானங்களையும் ஏவுகணைகளையும் வானிலேயே தடுக்கும் அடுத்த தலைமுறைக் கப்பலைத் திட்டமிடுவதுதான் அவனுடைய புராஜெக்ட். ரேடார், இன்ஜின் எல்லாம் கச்சிதம். ஆனாலும் பேராசிரியர் திருப்பிவிட்டார். திங்களன்று திருத்தித் தராவிட்டால் இந்த ஆண்டு பட்டம் இல்லை.

என்ன பிழை?

ஏவுகணைகளை வைக்கும் வெடிமருந்து அறைக்கு நான்கு கதவுகள். நான்கும் வெளிப்புறம் திறப்பவை. மூன்றின்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஓரத்தில் ஒரு கேள்வி: ‘யார், எங்கே ஓட?’

சிவகாசிக்காரர்கள் இந்நேரம் புன்னகைத்திருப்பீர்கள். பட்டாசு ஆலையின் மருந்து அறையில் பொறி பட்டால் எந்தப் பக்கமும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓட வழி வேண்டும். எங்கள் அம்மா பதினெட்டு ஆண்டுகளாக அப்படியோர் அறையில், கதவோரமாக அமர்ந்துதான் வேலை செய்கிறார். எதை வரைந்தாலும், நாம் பயந்த இடம்தான் முதலில் வரும் போலும்!

“எதுக்குலே கதவ அழிக்க?” என்றார் அம்மா.

“எம்மா, கதவு கூடுனா கடத்தண்ணி உள்ள வந்துரும். தீப்பிடிச்சா அடச்சுப்போட்டுத்தான் அணைக்கணும். ஓடக் கூடாது.”

“எங்க கம்பெனியே தேவல. ஓடக் காடாவது கெடக்கு... சரி, ஆளுக எங்கன படுப்பாக?”

தம்பி அடுத்த அறையைத் தொட்டுக் காட்டினான்.

“மருந்து ரூமுக்கு அடுத்தாப்லயா? எங்க போர்மேன் பாத்தா ஒன்னக் கேட்டுலயே நிப்பாட்டிருவாரு!”

தம்பி சிரிக்கவில்லை. மூன்று கதவுகளையும் அழித்தான். பிறகு, யாரும் கேட்காமலே, படுக்கைகளையும் அழித்தான். அவற்றைக் கப்பலின் பின்பகுதிக்கு நகர்த்தி, நடுவில் சாமான் அறைகளை வைத்து முடிக்கையில் பொழுது சாய்ந்திருந்தது.

செவ்வாய் மாலை கல்லூரியிலிருந்து தம்பியின் போன் வந்தது. பேராசிரியர் ஏற்றுக்கொண்டாராம். “கதவைக் குறைக்கத்தானே சொன்னேன், படுக்கையை ஏன் மாற்றினாய்?” என்று மட்டும் கேட்டாராம். “எங்க ஊர்ல அப்படித்தான் சார்” என்றானாம் இவன்.

அப்போதுதான் ஆலை வேனிலிருந்து இறங்கி வந்த அம்மா, செல்போனை வாங்கிக் காதில் வைத்தார்.

“மிச்சமிருக்க அந்த ஒத்தக் கதவு எந்தப் பக்கம்லே தொறக்கு?”

“வெளிப்பக்கந்தாம்மா.”

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, தூக்குவாளியைக் கழுவப் போனார்.

இனி அந்தக் கப்பல் கடலுக்குப் போகலாம்.