ஆள் வேண்டாத புல்

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு போன் வந்தது. 'ஹலோ' என்றேன். குரல் கரகரத்தது. அப்போதுதான் உறைத்தது — காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மறுமுனையில் ஒரு பெண். பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லி முடிக்காமல், எந்த ஊரம்மா, சாப்பிட்டாச்சா, அங்கே மழை உண்டா என்று ஆரம்பித்துவிட்டேன். லைனைக் கட் பண்ணிவிட்டாள். லோன் விற்கிறவளே பயந்து போனை வைக்கிற நிலைமை...

இதற்கெல்லாம் காரணம் ஒரு புல் என்றால் நம்புவீர்களா?

கணவர் காலமான பிறகு நான் கொல்லிமலைக்கே குடிவந்துவிட்டேன், தோட்டம் போட்டுத் தனியாகப் பொழுதை ஓட்டுகிறேன். மலைமேல் குண்டனி நாடு என்கிற ஊர்ப்பகுதியில் வீடு, அதைச் சுற்றி ஒரு துண்டு நிலம். அதில் பாதியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். அங்கே தினமும் புல் அறுக்க வருவாள் பாப்பாயி. கீழே இரண்டு வளைவு தள்ளி அவள் வீடு. புருஷன் கேரளா எஸ்டேட்டில், பிள்ளைகள் ஹாஸ்டலில், அவளும் இரண்டு மாடுகளும்தான் இங்கே.

அவள் அறுப்பாள், நான் பக்கத்தில் களை எடுப்பேன். மாமியார் சண்டை, மாட்டுக்குக் காய்ச்சல், வராத பஸ் — எதையும் பேசாமல் விட மாட்டோம்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே! புல்லுக்காக உண்ணிச்செடி முள்ளில் கையைக் கிழித்துக்கொள்கிறாளே என்று பாவமாக இருந்தது. சூப்பர் நேப்பியர் என்று ஒரு தீவனப்புல் இருக்கிறது. கரும்பு மாதிரி கரணையாக வெட்டி நட்டால் போதும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். ஒரு கட்டு கரணை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். அவள் வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாய்கிற இடத்தில், இருவருமாக நட்டோம்.

புல் ஆளுயரம் வந்தது. பாப்பாயி முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னாள்:

"இனி உங்க காட்டுக்கு வார வேலையே இல்லீங்கக்கா. ஊட்டுக்குப் பின்னாலயே அறுத்துப் போட்டா மாட்டுக்கு ஆச்சு. உங்களுக்கும் தொந்தரவு விட்டுதுங்க."

தொந்தரவாம். 'சும்மாவாவது வந்துட்டுப் போ' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வேலை உள்ளவளை எதற்கென்று கூப்பிடுவது? ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து கொஞ்ச நேரம் அழுதேன். தீவனப்புல்லுக்காக அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த லோன் போன் வந்த மறுநாள் மனசு கேட்காமல் நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

"வாங்கக்கா. ஏனுங்க, ஏதாச்சும் வேணுமுங்களா?"

"சும்மாதான் பாப்பாயி."

நாற்காலி போட்டாள். காப்பி கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். அவள் என்னைப் பார்க்க, நான் மாட்டைப் பார்த்தேன்.

"அப்புறம்... சொல்லு" என்றேன்.

"அறுத்துக்கிட்டே பேசறப்ப வாயி ஓயாதுங்க. இப்படிக் குந்த வச்சுக் கேட்டா என்னத்தச் சொல்றதுங்க?" என்று சங்கடமாகச் சிரித்தாள்.

உண்மைதானே? பேச வேண்டும் என்று யார் கிளம்பிப் போகிறோம்? புல்லுக்குப் போகிறோம், தண்ணீருக்குப் போகிறோம், பேச்சு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. வேலையை மிச்சம் பிடித்தால் அதுவும் கூடவே போய்விடுகிறது. மாடு இப்போது நன்றாகக் கறக்கிறதாம். அவளுக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வீடு அடங்கிக் கிடப்பது பொறுக்காமல் திங்கட்கிழமை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கினேன். விதைக் கடையில் புது ரக உருளைக்கிழங்கு வந்திருந்தது. சிவப்புத் தோல், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"நோய் தாங்குமுங்க மேடம். களை அவ்வளவா வராது, மண் அணைக்கறதும் ஒருக்கா போதும். ஆளே தேவையில்லீங்க, நீங்க ஒருத்தரே பாத்துக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பேர் சேர்ந்து பாடுபட்டாத்தான் விளையும்னு ஏதாவது ரகம் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப வாரதில்லீங்க மேடம்."