மூடி சற்றே சரிந்துள்ளது

விளம்பரம் எழுதும் வேலை என் அறுபத்தேழாவது வயதில் எனக்கு வாய்த்தது. அதற்கு முன் நாற்பது ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்தேன். அவற்றிற் பெரும்பகுதியில் பரீட்சை விடைத்தாள்களும் திருத்தினேன். எதைப் பார்த்தாலும் அதில் என்ன பிழை என்று முதலில் தேடும் கண் அவ்வாறு எனக்கு அமைந்துவிட்டது. அத்தகைய கண்ணை வைத்துக்கொண்டு எவரும் விளம்பரம் எழுதப் புறப்படுவதில்லை. என்னைப் புறப்படச் செய்தவள் என் மச்சாள்.

மச்சாள் என் மனைவியின் தங்கை. வேலணைத் தீவில் எங்கள் வளவுக்கும் அவளுடைய வளவுக்கும் நடுவே ஒரு கிடுகுவேலி இருந்தது. அதில் ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய ஓட்டை, எங்கள் பேச்சில் பொட்டு, ஒன்றும் இருந்தது. போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்த மறு ஆண்டு என் மனைவி காலமானாள். அதற்குப் பின் எட்டு மாதங்கள் நான் சாய்மனைக் கதிரையில் இருந்தேன் என்பதைத் தவிர அக்காலத்தைப் பற்றி எழுதுவதற்கு எதுவுமில்லை. நாள்தோறும் மத்தியானச் சோற்றுடன் பொட்டுக்குள்ளால் வரும் மச்சாள், ஒருநாள் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றாள்.

"அத்தான், உங்களுக்கு உந்தக் கொம்பியூட்டர் தெரியும்தானே?"

"ஓரளவுக்குத் தெரியும்."

"அப்ப எழும்புங்கோ. என்ரை பெட்டியளை அதுக்குள்ளை போட வேணும்."

பெட்டிகள் என்று அவள் சொன்னவை, பனங்குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, மெல்லிய வார்களாகக் கிழித்து, சாயமிட்டு அவள் தன் கையால் இழைத்தவை: மூடியுள்ள சிறு பெட்டிகள், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிகள், கை அகலச் சுளகுகள். அவற்றை இணையத்தில் விற்க வேண்டும் என்பதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அவளுக்கு ஒரே மகன், கனடாவில் இருந்தான். தனியே இருக்கும் தாயைத் தன்னிடம் அழைத்துக்கொள்ளப் பத்திரங்களை நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தான். மச்சாளோ பனிக்கட்டியைச் சர்பத்துக்குள் மாத்திரம் காண விரும்பியவள். பல மாதத் தொலைபேசிச் சண்டைக்குப் பின் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். கண்ணும் கையும் நன்றாக இருந்து, ஒரு தொழிலும் இருக்குமட்டும் அவள் ஊரில் இருக்கலாம். அவற்றில் ஒன்று பழுதானாலும் அடுத்த விமானம்.

"சந்தையிலை விக்கிறதை அவன் தொழில் எண்டு எடுக்கிறானில்லை, அத்தான். இன்ரநெற்றிலை வித்தால்தான் அவன்ரை கண்ணுக்கு அது தொழில்."

லண்டனில் இருந்த பழைய மாணவர் ஒருவர் எங்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, அதில் படமும் எழுத்தும் ஏற்றும் முறையைக் கடிதம் வழியே எனக்குப் படிப்பித்தார். நான் அவருக்குப் படிப்பித்த காலத்தில் காட்டாத பொறுமையை அவர் என்னிடம் காட்டினார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறிய கமராவால் பெட்டிகளைப் படம் பிடித்தேன். வாரத்தில் இருமுறை பஸ் ஏறிப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பட்டினம் போய், ஒரு மாடிக்கடையில் இருந்த கணினியின் முன் அமர்வது என்று ஏற்பாடு.

முதல் விளம்பரத்தை வீட்டிலேயே கடதாசியில் எழுதினேன். 'பனையோலையால் இழைக்கப்பட்ட அழகிய சிறு பெட்டி' என்று தொடங்கியிருந்தேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். முதல் வரியிலேயே கையைத் தூக்கி மறித்தாள்.

"'அழகிய' எண்டோ எழுதிக் கிடக்கு?"

"ஓம். விளம்பரம் எண்டால் அப்பிடித்தான் எழுத வேணும்."

"ஊருக்குள்ளை நாலு பேர் சொன்னாலே தாங்காது. உலகம் முழுக்க இருக்கிற சனம் பார்த்து அழகு, அழகு எண்டால் என்ரை கை என்னத்துக்கு ஆகும்? நாவூறு படாதோ?"

புகழும் நாவினால் வரும் கேட்டைத்தான் எங்கள் பக்கத்தில் நாவூறு என்பார்கள். கொழுகொழுவென்ற குழந்தையைத் தூக்குபவர், 'என்ன இது, எலும்பும் தோலுமாய்க் கிடக்கு' என்று சொல்வதே இங்கு மரியாதை.

"நாவூறு எண்டு ஒண்டு இல்லை," என்றேன்.

"கோயிலடியிலை ஒருத்தி அக்காவைப் பார்த்துச் சொன்னவள், உமக்கு வயசே போகுதில்லை எண்டு. அதுக்குப் பிறகு மூண்டு மாதம் இருந்தவவோ?"

அதற்கு என்னிடம் விடை இருந்தது. வைத்தியரின் அறிக்கையும் அலுமாரியில் இருந்தது. நான் பேனையை எடுத்து 'அழகிய' என்ற சொல்லை வெட்டினேன்.

"வெட்டினால் காணாது. ஒரு குறையும் எழுதுங்கோ."

அவ்வாறாக எங்கள் முதல் விளம்பரம் உலகத்தின் முன் வைக்கப்பட்டது: 'மூடியுள்ள சிறு பெட்டி. மூடி இடப்பக்கம் சற்றே சரிந்துள்ளது. தேவையாயின் எழுதுக.' மூடி சரிந்திருக்கவில்லை. அது என் முதற் பொய். எழுதியபோது கை கூசியது. இரண்டாவதற்கு அவ்வளவு கூசவில்லை. 'நீத்துப்பெட்டி. நுனி முற்றாகக் கூர்மையடையவில்லை. பிட்டு இதனாற் பாதிக்கப்படாது என நம்பப்படுகிறது.' ஐந்தாவது பெட்டிக்கு வரும்போது எனக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்தவுடன், இன்று எதில் என்ன குறை வைக்கலாம் என்ற யோசனை வரும். பல மாதங்களாகக் காலையில் எனக்கு வேறு யோசனைகளே வந்துகொண்டிருந்தன.

வியப்பு என்னவென்றால், பெட்டிகள் விற்றன. மற்றவர்கள் எல்லாரும் தங்கள் பொருளே உலகில் முதலாவது என்று எழுதிக்கொண்டிருந்த இடத்தில், குறையைத் தாமே சொல்லும் விற்பனையாளரைக் கண்டு சனங்கள் நம்பியிருக்கலாம். நோர்வேயில் இருந்து ஒரு பெண்மணி எழுதினார்: 'ஐயா, மூடி சரிந்த பெட்டி என்றுதான் நான் கேட்டது. வந்த பெட்டியின் மூடி நேராக இருக்கிறது. என் கணவரும் அளந்து பார்த்தார். எங்கள் வீட்டில் முந்தி இருந்த பெட்டிக்கும் மூடி சரிவு. தயவுசெய்து சரிந்ததை அனுப்பிவைக்கவும்.'

கடிதத்தை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவவுக்கென்ன விசரோ?" என்றாள். பிறகு, "கேட்டவவுக்கு இல்லையெண்டு சொல்லக்கூடாது," என்று சரிந்த மூடி ஒன்று இழைக்க உட்கார்ந்தாள். இரண்டு நாள் முயன்றாள். விரல்கள் தாமாகவே நேராக்கிக்கொண்டு போயின. மூன்றாம் நாள் ஓலையைத் தள்ளிவிட்டு, "எனக்குச் சரிச்சு இழைக்க ஏலாது, அத்தான். உந்தப் பிழையை எழுதினது நீங்கள்தானே, நீங்களே இழைச்சுக் குடுங்கோ," என்றாள். நான் இழைத்தேன். அது பெட்டி என்று சொல்லத்தக்கதாக வரவில்லை. நோர்வேக்கு மன்னிப்புக் கடிதம் போயிற்று.

நான்கு மாதங்களில் ஓலையிலும் சாயத்திலும் வடிவத்திலும் வைக்கக்கூடிய குறைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. சொன்னதையே திரும்பச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. எனவே ஒரு செவ்வாய்க்கிழமை, மாடிக்கடையில் இருந்து, பக்கத்தின் தலைப்பிலேயே பொதுவாக ஒரு குறிப்பை எழுதிவிட்டேன்: 'இழைப்பவரின் கண்ணும் கையும் முன்போல் இல்லை என்பதை வாங்குவோர் கருத்திற் கொள்க.' எழுதி முடித்தபோது வசனம் நன்றாக அமைந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு அழைப்பெடுத்து, தாயைக் கூப்பிடுவித்தான். நானும் கூடப் போனேன். கருவியை அவள் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பது வழக்கம் என்பதால் அவன் பேசியதும் எனக்குக் கேட்டது.

"அம்மா, கண் தெரியேல்லை எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஆரடா சொன்னது? எனக்கு ஊசித் துவாரம் இருட்டுக்கையும் தெரியும்!"

"பெரியப்பா எழுதியிருக்கிறார். உலகம் முழுக்கப் பார்க்குது."

மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை. கருவியை வாங்கி, "தம்பி, அது உண்மையில்லை. நாவூறு படாமல் இருக்க எழுதினது," என்றேன்.

மறுமுனையில் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பெரியப்பா, நாவூறு எண்டு ஒண்டு இல்லையெண்டு வகுப்பிலை எங்களுக்குப் படிப்பிச்சது நீங்கள்தான். நீங்கள் பொய் எழுத மாட்டியள். அம்மா இப்ப பக்கத்திலை நிண்டு உங்களைச் சொல்லச் சொல்லுறா. எனக்கு விளங்குது. நான் நாளைக்குப் பத்திரத்தை அனுப்பப் போறன்."

நாற்பது ஆண்டுகள் தேடிய நற்பெயர் இப்படி ஒருநாள் என் காலை வாரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீடு திரும்பும் வழியில் மச்சாள் எனக்கு முன்னே வேகமாக நடந்தாள். படலையடியில் மாத்திரம் நின்று, "அங்கை போய் ஒரு அறைக்குள்ளை இருந்து யன்னலாலை பனி பார்க்கிறதுக்கோ நான் இவ்வளவு இழைச்சனான்?" என்று கேட்டாள். அவள் போய்விட்டால் வேலியில் உள்ள அந்தப் பொட்டை அடைக்க வேண்டிவரும் என்று எனக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடியவே மாடிக்கடைக்குப் போய், பத்திரத்தைச் சனிக்கிழமை வரை அனுப்பாமல் இருக்கும்படி அவனுக்கு எழுதினேன். அங்கே ஒரு வலைக்கமரா இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுடன் முகம் பார்த்துப் பேசலாம். தாய் தன் கண்முன்னே ஒரு பெட்டி இழைப்பதை அவன் பார்க்கட்டும் என்பது என் திட்டம்.

சனிக்கிழமை அவள் நல்ல சேலை உடுத்து, ஈரத்துணியில் சுற்றிய ஓலை வார்களுடனும், மாதிரிக்கு மூன்று பெட்டிகளுடனும் வந்தாள். பண்ணைக் காவலரணில் பையைச் சோதித்த கடற்படைச் சிப்பாய் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"என்னவாம்?"

"நல்ல வடிவாம்."

மச்சாளின் முகம் கறுத்தது. திரும்ப பஸ்ஸில் ஏறிய பின் மெல்லக் கேட்டாள்: "சிங்களத்திலை சொன்னாலும் படுமோ, அத்தான்?"

"உமக்கு விளங்கியிராது. நான்தான் மொழிபெயர்த்துக் கெடுத்துப்போட்டன்."

கடையில் பின்னேரம், கனடாவில் விடியற்காலை. திரையில் மகனின் முகம் நித்திரை கலையாமல் தெரிந்தது. மச்சாள் நிலத்தில் பாய் விரித்து அமர்ந்து இழைக்கத் தொடங்கினாள். வார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கின. கணவர்மாருடன் பேசுவதற்கு முறை பார்த்து நின்ற பெண்கள் சுற்றிக் கூடினார்கள். ஒருத்தி, "அக்கா, கொஞ்சம் திரும்பி இருந்து இழையுங்கோ, பிள்ளை பார்க்கட்டும்," என்று கமராவைத் தானே சரிசெய்தாள். எல்லாம் நன்றாக நடந்தது. பெட்டிக்கு விளிம்பு கட்டும் நேரம் மகனின் பதற்றக் குரல் கேட்டது.

"அம்மா! கை ஏன் அப்பிடியே நிக்குது? கை விறைச்சுப் போச்சோ?"

"எங்கையடா நிக்குது? இழைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்!"

"இல்லை, தூக்கினபடி நிக்குது. அசையுதில்லை. வாயும் கோணிக்கிடக்கு!"

"படம் இறுகிப்போச்சு, தம்பி," என்று கடைக்காரர் குரல் கொடுத்தார். அவன் நம்பவில்லை. படம் திரும்ப அசையவும் இல்லை. தூக்கிய கையும் கோணிய வாயுமாக மச்சாள் கனடாவில் உறைந்துவிட்டாள். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அரைகுறைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பெரியப்பா," என்று மகன் கேட்டான், "எனக்குப் படம் வேண்டாம். அம்மா சொல்லித்தராமல், நீங்கள் உங்கடை வாயாலை சொல்லுங்கோ. அம்மாவின்ரை கை எப்பிடி?"

நான் எழுந்து நின்றேன். இருந்துகொண்டு சொல்லத்தக்க விடயமாக அது எனக்குப் படவில்லை.

"தம்பி, நான் எழுதின குறை அவ்வளவும் பொய். நான் பார்த்த ஒரு பெட்டியிலையும் ஒரு வார் பிசகேல்லை. பிழையாய் ஒண்டு இழைச்சுத் தாரும் எண்டு கேட்டும் உம்மடை அம்மாவாலை ஏலாமல் போச்சு. எங்கடை தீவிலை இவ்வளவு திறமான கை வேறை இல்லை. நூற்றுக்கு நூறு. அதுக்கு மேலை புள்ளி இல்லாதபடியால்தான் நூறு."

"அத்தான், காணும், வாயை மூடுங்கோ!" என்று மச்சாள் கீழிருந்து கத்தினாள். "இவ்வளவு சனத்துக்கு நடுவிலை!"

கனடாப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அல்லது தொடர்பின் இரைச்சலாகவும் இருக்கலாம்.

"எனக்கு நீங்கள் ஒருநாளும் அறுபதுக்கு மேலை போட்டதில்லை, பெரியப்பா."

"நீர் அதுக்கு மேலை எழுதினதில்லை."

அவன் சிரித்துவிட்டான். "சரி. பத்திரம் கிடக்கட்டும். அம்மா இருக்கட்டும். ஆனால் அந்தக் குறிப்பை இப்பவே அழியுங்கோ. இஞ்சை எல்லாரும் தாயைக் கவனிக்கேல்லை எண்டு என்னைத்தான் பேசுகினம்."

நான் அதே கதிரையில் அமர்ந்து அதை அழித்தேன்.

பிள்ளை விட்டுக்கொடுத்த மகிழ்ச்சியில் மச்சாள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையால் இரு கைகளையும் மூடிக்கொண்டு வந்தாள். வேலணையில் இறங்கியதும், "நேரே குசினிக்கு வாங்கோ," என்றாள். அடுப்பை மூட்டி, ஒரு சிரட்டையில் உப்பும் ஏழு செத்தல் மிளகாயும் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நானோ?"

"வேறை ஆர்? முந்தியெண்டால் அக்கா கழிச்சுவிடுவா. நாவூறு போட்டதும் நீங்கள், இப்ப மூத்தவரும் நீங்கள். சுத்துங்கோ."

அவள் கிழக்கே பார்த்து அமர்ந்தாள். நான் சிரட்டையை அவள் தலையைச் சுற்றி, நீட்டிய கைகளைச் சுற்றி, அவள் சொன்னபடி மூன்றுமுறை கொண்டுபோனேன். மூன்றாவது சுற்றின்போது, என் முகத்தைப் பார்க்காமலே அவள் சொன்னாள்:

"ஒண்டு மட்டும் நிச்சயம், அத்தான். அக்காவுக்கு உங்கடை வாயாலை ஒருநாளும் நாவூறு பட்டிராது."

அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் உப்பையும் மிளகாயையும் அடுப்பில் கொட்டினேன். மிளகாய் வெடித்து எரிந்தது. இருவரும் காத்திருந்தோம். புகை யன்னல் பக்கமாக இழுபட்டுப் போயிற்று. தொண்டையில் ஒரு சிறு கமறலும் இல்லை. நாவூறு கடுமையாக இருந்தால் மிளகாய் கமறாது என்பது இங்குள்ளவர்களின் துணிபு.

"பார்த்தியளோ!" என்று மச்சாள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய நாவூறு தனக்குப் பட்டதில் அவளுக்கு ஏற்பட்ட பெருமையை அவளால் மறைக்க முடியவில்லை. "எவ்வளவு பட்டிருக்கு எண்டு!"

காற்றின் திசையைப் பற்றி ஒரு வசனம் என் வாய்வரை வந்தது. "ஓம்," என்றேன்.