தனியாளாகத் தூக்க முடியாத ஸ்பீக்கர்

பாட்டு கேட்கிற பெட்டி வாங்கப் போன கடையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தி. நகரில் எத்தனையோ கடைப்படி ஏறியிருக்கிறேன், பாதிக்கு மேல் தலையில் மூட்டையோடு. செருப்பைக் கழற்றச் சொன்ன முதல் கடை இதுதான். உள்ளே தரை முழுக்கக் கம்பளம், சுவர் முழுக்கத் துணி, நடுவில் ஒரு சோபா. எதிரே என் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்கள், கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கிறவர்கள் மாதிரி விறைப்பாக நின்றன. கதவைச் சாத்தியதும் தெரு அறுந்துபோனது. பஸ் ஹாரன் இல்லை, நைட்டி விலையைக் கூவுகிற குரல் இல்லை. சத்தமில்லாத இடத்தில் எனக்குக் கால் நிற்காது. வாசலைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்தேன்.

நான் வாங்க நினைத்து வந்தது டிபன் டப்பா அளவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். கடையிலிருந்த தம்பி விக்னேஷ் அதைத்தான் முதலில் காட்டினார். "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது சார். டூர் போனா பையில போட்டுக்கலாம்."

பை என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி மங்கை அந்த ஸ்பீக்கரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். "வேற காட்டுப்பா."

அடுத்து அலமாரியில் வைக்கிற ஜோடி ஒன்று. அதையும் தூக்கினாள். "இதுவும் ஆட்டோல போயிடும்." கடைசியில் எழுந்துபோய் அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள்.

விக்னேஷ் பதறிவிட்டார். "மேடம், மேடம்! என்ன பண்றீங்க?"

"வெயிட்டு பாக்கறேன். ஒரு ஆளால இத தூக்கிட முடியுமா?"

"ரெண்டு பேர் வேணும் மேடம். கவலைப்படாதீங்க, டெலிவரிக்கு நாங்களே ஆள் அனுப்பிடுவோம்."

"அப்ப இத பத்தி சொல்லு."

அவர் வாட்ஸ் பற்றிச் சொன்னார், ஆம்ப்ளிஃபையர் பற்றிச் சொன்னார், ஃபோனிலிருந்து வருகிற பாட்டை எது எப்படிப் பிரித்துக் கொடுக்கும் என்று கையால் படம் போட்டுக் காட்டினார். எடையைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்குகிற குடும்பத்தை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

இதற்குக் காரணம் குமரேசன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றவர்கள். இப்போது ஓசூரில் ஏதோ தொழிற்சாலைக்குக் கேன்டீன் எடுத்திருக்கிறான். "மச்சி, ரூம் கீது, சோறு கீது. கடைக்குப் போயி சாமான் வாங்கறத மட்டும் நீ பாத்துக்கோ. பைய எடுத்துகினு வந்துகினே இரு" என்றான் ஃபோனில். பெருங்குடியில் மங்கை பிளவுஸ் தைத்துத் தைத்து வாங்கிய மூன்றாம் மாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. காற்று திரும்பினால் குப்பைமேட்டு வாசனை வரும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லாத வீடு. அதுதான் எனக்குச் சிக்கல். குறை சொல்ல ஏதாவது இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேன். வந்த மாதத்திலிருந்தே கால் பரபரத்தது. குமரேசனுக்கு முடியாது என்று நான் சொல்லவில்லை.

மங்கை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சோறு போடும்போது சொன்னாள்: "உனக்குப் பாட்டுன்னா உசுரு. அந்த ஃபோன்ல கேட்டுக் கேட்டு காதே போவப்போவுது. நல்ல செட்டு ஒண்ணு வாங்கிக்கோ. ஆனா நீ தனியாளா தூக்கிகினு போற மாதிரி வாங்காத." வெளி ஆட்கள் முன்னால் அவளுக்கு நான் 'நீங்க'. வீட்டில்தான் 'நீ'.

விக்னேஷ் ஆம்ப்ளிஃபையரைப் போட்டுவிட்டுச் சூடாகட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. சூடான தகரத்தின் மேல் தூசி லேசாகக் கருகுகிற வாசனை. நீங்கள் பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவராக இருந்தால் உங்களுக்குத் தெரியும். எனக்கு அது வீட்டு வாசனை இல்லை, கடை வாசனை.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அப்பா இல்லை, அம்மா வேலை செய்த வீட்டில் என்னையும் வைத்துக்கொள்ள இடமில்லை. மயிலாப்பூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே தேவராஜ் அண்ணன் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். பகலில் வேலை, ஷட்டர் இறக்கியதும் அங்கேயே படுக்கை. மார்கழியில் ஆம்ப்ளிஃபையர் பக்கம் முதுகைக் கொடுத்துப் படுத்தால் குளிர் தெரியாது. மழைக்காலம்தான் சிரமம். தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லாத வருஷத்தில்கூட எங்கள் கடையில் இருந்தது.

ஆட்கள் வந்து வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இசைத்தட்டில் முள்ளை வைத்து, ஓடவிட்டு, கேசட்டில் பதிந்து கொடுக்க வேண்டும். கேட்ட பாட்டுகள் ஒரு பக்கத்தில் சரியாக அடங்காது. கடைசியில் கொஞ்சம் டேப் மிஞ்சும். தேவராஜ் அண்ணனுக்கு அது பிடிக்காது. "வெத்து டேப்பு குடுக்காதடா. துட்டு குடுத்தவன் மூஞ்சி சுருங்கிடும். எதுனா ஒரு பாட்ட போட்டு ரொப்பு."

எதை வைத்து நிரப்புவது என்பது மட்டும் என் இஷ்டம். அந்தக் கடையில் எனக்கிருந்த ஒரே அதிகாரம் அதுதான், ஆகையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உறை கிழிந்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஓர் இசைத்தட்டு இருந்தது. ஓடாத படம். யாரும் கேட்டு வந்ததில்லை. அதில் ஒரு பாட்டு வயலினில் ஆரம்பிக்கும். பிறகு ஒரு பெண் குரல். யாருமில்லாத வீட்டில், கேட்க ஆளில்லை என்று தெரிந்தே பாடுகிற மாதிரி இருக்கும். பல்லவி, முதல் சரணம், திரும்பப் பல்லவி, அப்புறம் ஒரு புல்லாங்குழல். எனக்குக் கை பழகிவிட்டது. எவ்வளவு டேப் மிஞ்சினால் அந்தப் பாட்டு புல்லாங்குழல் வரைக்கும் போகும் என்று பார்த்தாலே தெரியும். அங்கே டேப் தீர்ந்து 'டக்' என்று ரெக்கார்டர் பித்தான் எகிறும். எழுந்துபோய் முள்ளைத் தூக்கி, கேசட்டைத் திருப்பிப் போடுவேன். மிச்சப் பாட்டைக் கேட்டிருக்கலாம். அடுத்த கேசட் காத்திருக்குமே.

மாட வீதியிலிருந்து வருகிற ஒரு மாமி மட்டும் வந்து சண்டை போட்டார். "ஏண்டாப்பா, கடைசிப் பாட்டு எப்பவும் பாதியிலயே நின்னுடறதே. அப்புறம் அவ என்னதான் பாடினாள்னு ஆத்துல எல்லாரும் மண்டையை உடைச்சிண்டிருக்கோம்."

"டேப்பு முடிஞ்சிபூட்ச்சி மாமி, பாட்டு இன்னா பண்ணும்?" என்றார் தேவராஜ் அண்ணன்.

"அப்போ குட்டிப் பாட்டாப் பார்த்துப் போடப்படாதோ?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறையும் அதே பாட்டைத்தான் போட்டேன். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் எத்தனை வீட்டில் அந்தப் பாட்டு புல்லாங்குழலோடு நின்றதோ தெரியாது.

அந்த 'டக்' என் உடம்புக்குள் போய்விட்டது. அந்தக் கடையை விட்டேன். மந்தைவெளி மெஸ்ஸில் இலை எடுத்தேன், விட்டேன். பட்டறை, அப்புறம் துணிக்கடைக்குப் பண்டல் இறக்குகிற வேலை. எதிலும் யாரோடும் சண்டை இல்லை. ஒருநாள் எனக்குள் எங்கோ அந்தச் சத்தம் கேட்கும், எழுந்துவிடுவேன். பட்டறையில் முதல் சம்பளத்தில் வாங்கிய காக்கி கேன்வாஸ் பை ஒன்று இருந்தது. அதில் அடங்கியது என்னுடையது, அடங்காதது என்னுடையதில்லை என்று வைத்துக்கொண்டேன். பாட்டும் அந்தக் கணக்கில்தான் வந்தது. முதலில் ஒரு டிரான்சிஸ்டர், அப்புறம் இடுப்பில் மாட்டுகிற டேப், கடைசியில் நகத்தளவு மெமரி கார்டு. அடையாறு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மொபைல் கடை ஒன்றில் கார்டுகளுக்குப் பாட்டு ஏற்றுகிற வேலையும் பார்த்தேன். "ஃபுல்லா ரொப்பிக் குடு நைனா" என்பார்கள். இன்ன பாட்டு வேண்டும் என்று சொன்னவர் அபூர்வம். பாதியில் நிற்கிறது என்று யாரும் திரும்பி வந்து சண்டை போடவில்லை. எனக்கு அந்த வேலை சீக்கிரம் அலுத்துவிட்டது.

மங்கைக்கு என்னிடம் வந்தபோது இருந்த சொத்து ஒரு தையல் மிஷின், இரும்புக் கால் வைத்தது. வீடு மாற்றும்போதெல்லாம் நான் பையோடு முன்னால் நடப்பேன், அவள் மிஷினை மீன்பாடி வண்டியில் ஏற்றி, விழாமல் பிடித்தபடி பின்னால் வருவாள். எத்தனை வீடு என்று நான் எண்ணவில்லை. அவள் எண்ணியிருப்பாள். சாந்தோம் பக்கம் குப்பத்து ஓரத்தில் குடியிருந்தபோது ஒரு புயலில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. அவள் மிஷின் நனையாமல் அதன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். நான் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடிந்ததும் அவள் மிஷினுக்கு எண்ணெய் போட்டாள். நான் வேறு வீடு பார்க்கப் போனேன்.

"சார்," என்றார் விக்னேஷ். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்க. தெரிஞ்ச பாட்டுலதான் செட்டோட வித்தியாசம் கேக்கும்."

தெரிந்த பாட்டு எத்தனையோ இருந்தும் வாயில் வந்தது அதுதான். படத்தின் பெயர்கூட மறந்துவிட்டது. முதல் வரியைச் சொன்னேன். ஃபோனில் தட்டினார், கிடைத்துவிட்டது. இத்தனை காலமாக என் ஃபோனிலும் கிடைத்திருக்கும்தான். தேடத் தோன்றவில்லை. என்னைப் பொறுத்தவரை அது முடிந்துபோன பாட்டு.

வயலின் ஆரம்பித்தது. ஒற்றை வயலினாகவே கேட்டுப் பழகியிருந்தேன், இங்கே நாலைந்து பேர் வில் இழுப்பது தனித்தனியாகக் கேட்டது. அந்தப் பெண் பாடுவதற்கு முன் மூச்சு எடுக்கிறாள். மாடிப்படிக்குக் கீழே எனக்கு அந்த மூச்சு கேட்டதில்லை. பல்லவி, சரணம், திரும்பப் பல்லவி. புல்லாங்குழல் வந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"என்ன சார், பிடிக்கலையா?" என்று விக்னேஷ் ஃபோனிடம் கையைக் கொண்டுபோனார். "நிறுத்தாதப்பா" என்றாள் மங்கை. என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு. பாட்டு இன்னும் கீது."

வெளி ஆள் முன்னால் அவள் என்னிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன்.

புல்லாங்குழல் முடிந்தது. இரண்டாம் சரணத்தை ஓர் ஆண் குரல் பாடியது.

நீங்கள் சிரிக்கலாம். பாதி ஊருக்கு அந்தப் பாட்டைப் பதிந்து கொடுத்தவன் நான். அது ஒற்றைப் பெண்ணின் பாட்டு என்று சத்தியம் செய்திருப்பேன். அவளுக்குப் பதில் சொல்ல ஒருவன் அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்திருக்கிறான். நான் ஒவ்வொரு முறையும் அவன் வாயைத் திறப்பதற்குள் முள்ளைத் தூக்கியிருக்கிறேன். கடைசிப் பல்லவியை இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். மங்கையைப் பார்த்தேன். அவள் பாட்டைக் கேட்கவில்லை, ஸ்பீக்கரின் அடிப்பாகத்தை முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அபார்ட்மென்ட்டா மேடம்? அடியில கனமா ஏதாவது மடிச்சுப் போட்டுடுங்க" என்றார் விக்னேஷ். "இல்லன்னா பேஸ் அதிர்ந்து கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

"வரமாட்டாங்க. அந்தம்மாவோட பிளவுஸ் என்கிட்ட கீது" என்றாள். "ஆனா போட்டுடறேன்."

இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க மூன்று மாடி தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வாரமாக வீட்டில் பாட்டுதான். எனக்குக் கால் அடங்கிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் ஜன்னலில் நின்று, ஓ.எம்.ஆரில் போகிற பஸ்களைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். போன வாரம் மயிலாப்பூர் வரைக்கும் போய் அந்த மாடிப்படியையும் தேடினேன். வீடே இல்லை, கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மாமி இருந்தால் அந்த ஆண் குரலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் வீடு எது என்று எனக்கு அப்போதும் தெரியாது.

நேற்று மறுபடி குமரேசன் கூப்பிட்டான். அவன் பேசப் பேச எழுந்துபோய் ஸ்டூல் போட்டு லாஃப்டைத் துழாவினேன். காக்கிப் பை அங்கே இல்லை. ஃபோனைக் காதில் வைத்தபடியே, "இங்க இருந்த பை எங்க?" என்றேன்.

மங்கை மிஷினை நிறுத்தவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஸ்பீக்கர் பக்கம் நீட்டினாள்.

குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் கீழே காக்கி கேன்வாஸ். நாலு மடிப்பாக மடித்து, ஓரம் அடித்து, குறுக்கும் நெடுக்கும் நெருக்கமாகத் தையல் போட்டிருந்தாள். ஒரு மூலையில் ஜிப் இருந்த இடத்தின் தடம் தெரிந்தது.

"கேக்காம வெட்டிட்டேன்" என்றாள். "கேட்டா குடுத்திருக்க மாட்ட."

"மச்சி, லைன்ல கீறியா?" என்றான் குமரேசன். "எப்ப வர?"

"பை இல்லடா."

"இன்னாடா பேஜாரு பண்ற? என்கிட்ட பெரிய பை ஒண்ணு கீது. எடுத்தாந்து குடுத்து, நானே இட்டுகினு வரேன்."

"அதுல அடங்காதுடா" என்றேன்.

அவன் இன்னும் ஏதோ கேட்டான். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தானாகவே ஆரம்பித்துவிட்டது. நடுவில் அந்த 'டக்' வருமா என்று காது கொடுத்துப் பார்த்தேன். வரவில்லை.